வாசலில் அலாரம் அடித்தால்

நேற்று ஒரு துணிக்கடை வாசலில் ஒரு அம்மா அழுதுகொண்டு நின்றார். வெளியே வரும்போது அலாரம் அடித்துவிட்டது. எல்லார் முன்னாலும் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். நாலு பேர் செல்போனில் படம் வேறு எடுத்தார்கள். கடைசியில் பார்த்தால், பில் போட்டவர் சுடிதாரிலிருந்து திருட்டைத் தடுக்க மாட்டியிருக்கும் டேக்கைக் கழற்ற மறந்திருக்கிறார். எனக்கு மனசே ஆறவில்லை.

வாசலில் நிற்கும் அந்தத் தூண்கள் ரேடியோ அலையை அனுப்புகின்றன. பல கடைகளில் அது 8.2 மெகாஹெர்ட்ஸ். டேக்குக்குள் இருக்கும் சின்னக் கம்பிச்சுருள் அந்த அலைக்குப் பதில் கொடுத்தால் அலாரம் அடிக்கும், அவ்வளவுதான். காசு கொடுத்தோமா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

சரி, உண்மையிலேயே திருடியிருந்தால்? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 303-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தடவை, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. ஆனால் பொருள் வைத்திருக்கும் கட்டிடத்துக்குள் நடந்த திருட்டு என்று 305-ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் 7 ஆண்டு வரை போகலாம். கைதான பெண்ணைச் சோதிப்பதென்றால்கூட இன்னொரு பெண்தான், கண்ணியமாகச் செய்ய வேண்டும். போலீசுக்கே அதுதான் சட்டம். வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்கு மட்டும் அதைவிட அதிக அதிகாரம் எங்கிருந்து வந்தது?

கடையில் யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிவிட்டபோதும் அந்த அம்மா பில்லைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.