பறளியாற்றைத் திருப்பிக் குடியேறிய நாஞ்சில் நாடு

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டு வயலுக்கெல்லாம் தாய் பழையாறு என்பார்கள். பாதிதான் உண்மை. சுருளகோட்டுப் பக்கம் தொடங்கி மணக்குடியில் கடல் சேரும் சின்ன ஆறு அது. அதை மட்டும் நம்பித் தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டு தாலுகாவிலும் இருபூ, அதாவது வருஷத்துக்கு இரண்டு நெல் போகம், எடுத்திருக்க முடியாது.

எடுக்க வைத்தது பறளியாறு. நியாயப்படி அது இந்தப் பக்கமே வரக்கூடாது. கோதையாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலுக்குப் போகிற ஆறு. அதைப் பாண்டியன் அணையில் மறித்து, இரண்டு ஆற்றுக்கும் நடுவிலிருந்த பாறை மேட்டை வெட்டிப் பழையாற்றில் விட்டார்கள். அந்த வெட்டு வாய்க்காலுக்குப் பெயர் பாண்டியன் கால்.

கால் வருவதற்கு முன்பே இங்கே குளத்து விவசாயம் இருந்திருக்கிறது. நாஞ்சில் தலைவனைப் பாடும் புறநானூற்று 137-ஆம் பாட்டு, பள்ளத்தில் இட்ட விதை வறட்சியிலும் சாகாமல் கரும்புபோல் தழைக்கும் என்கிறது. பிறகு தண்ணீருக்குப் பின்னால் அரசர்கள் வந்தார்கள். பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் என்று மேலே பாண்டியன் பெயர். கீழே பழையாற்றில் சோழன்திட்டை அணை. கோட்டாறே மும்முடிச்சோழபுரம் ஆனது. பாண்டியனும் சோழனும் போட்ட சண்டை மண்ணுக்கா, தண்ணீர் திறக்கும் மடைக்கா என்றால் மடைக்குத்தான் என்பேன்.

ஊர் அமைந்த விதத்தைப் பாருங்கள்: வீடு மேட்டில், குளம் அதை ஒட்டி, வயல் பள்ளத்தில். நஞ்சையில் ஒரு சென்ட்கூட வீட்டுக்கு வீணாக்கவில்லை. ஒரு குளம் நிறைந்து வழியும் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்கு வரத்து. வயல் கழிவுநீர் பழையாற்றில் விழ, கீழே உள்ள அணை அதையே மறுபடி திருப்பும். ஒரே தண்ணீர் பல முறை பாயும்.

பழைய குமிழி மடையில் குளத்துக்குள்ளே இரண்டு கல்தூண் நிற்கும். குறுக்குக் கல்லின் துளை வழியாக ஒரு தண்டு இறங்கி, அடியிலுள்ள நீரோடித் துளையை அடைத்திருக்கும். தண்டைத் தூக்கினால் வயலுக்குத் தண்ணீர். அதற்கும் கீழே சேறோடித் துளை. வண்டலும் கூடவே வெளியேறும். இதை எடுத்துவிட்டு வெறும் ஷட்டர் வைத்த குளங்களில் மடை வாயிலேயே மண் மேடு தட்டும். குளம் நிறைந்திருப்பதுபோல் தெரியும், கொள்ளளவு இருக்காது.

மார்த்தாண்ட வர்மா காலத்தில் பாண்டியன் அணைக்குக் கீழே புத்தன் அணை கட்டி, பத்மநாபபுரம் பக்கம் புத்தனாறு வெட்டினார்கள். 1906-இல் பேச்சிப்பாறை அணை, 1950-களில் பெருஞ்சாணி அணை. முன்னதன் முழுமட்டம் 48 அடி, பின்னது 77.

இப்போது வழக்கப்படி ஜூன் 1-இல் அணை திறந்தால் முதல் போகமான கன்னிப்பூ. அதை அறுத்ததும் இரண்டாம் போகமான கும்பப்பூ, பிப்ரவரி கடைசியில் அணை அடைப்பு. சானல் தூர்வார மார்ச் முதல் மே வரைதான் நேரம். மே கடைசியில் ஜேசிபியை இறக்கினால் வாரிய மண் கரையிலேயே குவிந்து கிடக்கும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதிப் பருவத்தின் முதல் மழையிலேயே திரும்பச் சானலுக்குள் சரியும், தண்ணீர் கடைசிவரை போகாது. சானல் தொடக்கத்திலுள்ள தலைமடைக்காரர் நடவு முடித்திருப்பார், சானல் முடியும் கடைவரம்பில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது, கதிர் சிறுக்கும். அதோடு கன்னிப்பூ அறுப்பும் தள்ளிப்போய் ஐப்பசி மழையில் மாட்டும்.