விரதம் என்ற பெயரில் மறைந்திருந்த நோய்

எங்கள் வீட்டில் விரதம் புதிதல்ல. அம்மா கந்த சஷ்டியின் 6 நாளும் பால், பழத்தோடு இருப்பார். அப்பத்தா வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளை மட்டுமே உண்பார். ஆகவே 2016-இல், மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் வெள்ளி விரதம் இருக்கப்போவதாகச் சொன்னபோது யாரும் காரணம் கேட்கவில்லை. பொறுப்பு வந்துவிட்டது என்று அப்பத்தா மகிழ்ந்தார். சில மாதங்களில் வெள்ளியோடு செவ்வாய் சேர்ந்தது, பிறகு சஷ்டி, ஏகாதசி, சனி என்று நாட்காட்டியில் நான் வயிறார உண்ணக்கூடிய நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. அந்த விரதங்களில் ஒன்றுகூட இறைவனுக்காக இருந்ததில்லை என்பதை அன்றே நான் அறிந்திருந்தேன். உடல் இளைக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது, இளைத்த பிறகும் நிற்கவில்லை; நிறுத்த நினைத்தால் பெரும் அச்சம் வந்தது.

உடல் இளைக்கப் பட்டினி கிடந்து, பிறகு அதை நிறுத்தவே முடியாமல் போகும் இந்த நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் பெயரிட்டார். அனோரெக்சியா என்றால் பசியின்மை. இதைவிடப் பொருந்தாத பெயர் இருக்க முடியாது என்பது என் எண்ணம், ஏனென்றால் அந்த இரண்டு ஆண்டுகளில் நான் பசிக்காத நாளே இல்லை. இரவில் படுத்தால் சோற்றுக் கனவுதான் வரும். சமையல் காணொளிகளை மணிக்கணக்காகப் பார்ப்பேன். தம்பிக்கு நானே பணியாரம் ஊற்றி, அவன் உண்பதை எதிரில் அமர்ந்து பார்ப்பேனே தவிர, ஒரு விள்ளல் வாயில் வைக்க மாட்டேன். மதுரையின் சித்திரை வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கைகளிலோ பூனைமுடி அடர்ந்தது. மாதவிலக்கு நின்றுபோனது. அதற்காக அம்மா அழைத்துச் சென்ற மருத்துவர், என்ன உண்கிறாய் என்று கேட்காமலேயே ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையால் உதிரம் வந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று வீடு நம்பியது. மாத்திரை வரவழைக்கும் உதிரம் உடல் தேறியதற்கு அடையாளம் அல்ல என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அந்தத் தவறான நம்பிக்கைக்கு நாங்கள் கொடுத்த விலை இன்னும் ஓர் ஆண்டு.

2018-இல் மாடிப்படியில் மயங்கி விழுந்தேன். மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியில் இதயத் துடிப்பு மிகவும் குறைந்திருந்தது, இரத்தத்தில் பொட்டாசியமும் குறைவு. அங்கிருந்த பொது மருத்துவர்தான் மனநல மருத்துவரை என் படுக்கைக்கே வரவழைத்தார். பைத்தியக்கார வைத்தியமா என்று அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அந்த நாளில் யாரிடம் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416 அப்போது இருந்திருந்தால், அம்மா தமிழிலேயே யாரிடமாவது கேட்டிருப்பார்.

சேர்த்தவுடன் வயிறு நிறையச் சோறு போடுவார்கள் என்று எதிர்பார்த்த அம்மாவுக்கு, கொஞ்சம் கஞ்சியும் பாலும் மட்டுமே கொடுத்தது பெரும் வியப்பாக இருந்தது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மிகுதியான உணவு போனால், இரத்தத்தில் பாஸ்பேட் என்னும் தாது உப்பு சட்டென்று சரிந்து இதயமே தடுமாறக்கூடும் என்றும், அதனால்தான் தினமும் இரத்தம் எடுத்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறோம் என்றும் விளக்கினார்கள். பட்டினியைத் தானே முறித்துக்கொள்ள நினைப்பவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

மனநல மருத்துவர் என்னிடம் முதலில் பேசியது என் மனத்தைப் பற்றி அல்ல, பழைய ஆய்வு ஒன்றைப் பற்றி. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பரில் தொடங்கிய அந்த ஆய்வில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர், உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களை அவர்கள் இசைவோடு ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் ஓயாமல் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் நூல்களைச் சேர்த்தார்கள், குளிரில் நடுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். இதைக் கேட்டபோது நான் விம்மி அழுதேன். என் குணம் என்று நான் வெறுத்த பலவும் பட்டினியின் வேலை என்று அன்றுதான் விளங்கியது. உணவுதான் உனக்கு முதல் மருந்து, பசி வந்தாலும் வராவிட்டாலும் குறித்த மணிக்கு உண்ண வேண்டும் என்றார் அவர்.

வீட்டுக்கு வந்த பின் மூன்று வேளை உணவு, இடையில் மூன்று முறை சிற்றுண்டி. என்ன, எவ்வளவு என்பதை அம்மாவே முடிவு செய்து தட்டில் வைப்பார். நான் உண்டு முடிக்கும்வரை எதிரில் அமர்ந்திருப்பார். எடை பார்க்கும்போது எண் என் கண்ணில் படாதபடி திரும்பி நிற்கவைத்தார்கள். இரண்டு இட்லிக்கு ஒரு மணி நேரம் ஆகும். தேங்காய்ச் சட்னியைப் பார்த்தாலே கை நடுங்கும். பருப்புச் சாதத்தில் அம்மா நெய் ஊற்றிய அன்று தட்டைத் தள்ளிவிட்டு, சொல்லக்கூடாத சொல்லையெல்லாம் அவர் மீது கொட்டினேன். அவர் எழுந்து போகவில்லை, திட்டவும் இல்லை. வேறு சோறு பிசைந்து வைத்துவிட்டு, “நீ பேசலை, நோய் பேசுது, எனக்குத் தெரியும், சாப்பிடும்மா” என்றார். வயிறு உப்பி வலித்தது, கணுக்கால் வீங்கியது, இரவில் வியர்த்து ஊற்றியது. இவையெல்லாம் உடல் தேறும்போது வருபவைதாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் தாங்க முடிந்தது.

விரதத்தை விடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, எனக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும். சாமி குற்றமாகிவிடுமோ என்று அவர் கலங்கினார். அப்பத்தாதான் முடித்து வைத்தார்: “முடியாதவங்களுக்கு விரதம் கிடையாது ஆத்தா. அவ சாப்பிடுறதே முருகனுக்குப் போதும்.” அவரிடம்தான் நான் முதன்முதலாக, இத்தனை நாளும் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

ஒன்பது மாதம் கழித்து மாதவிலக்கு மாத்திரையின்றித் தானாக வந்தது. அதன்பின் நேராக ஏறுமுகம் என்று எழுத முடியவில்லை. 2020 தொடக்கத்தில் ஒரு திருமணத்தில் உறவுக்கார அத்தை ஒருவர், இப்போதுதான் சதை போட்டு அழகாக இருக்கிறாய் என்று அன்போடு சொன்னார். என் காதில் விழுந்தது சதை என்ற ஒரு சொல் மட்டுமே. அடுத்த மூன்று வாரம் மதிய உணவைத் தவிர்த்தேன். ஆனால் இந்த முறை நானே அம்மாவிடம் சொன்னேன், நானே மருத்துவரிடமும் போனேன். இளைத்துவிட்டாய், பருத்துவிட்டாய் என்று விசாரிப்பதை நம் மக்கள் பாசத்தின் அடையாளமாகக் கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை விட்டு, நன்றாகத் தூங்குகிறாயா, என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள்.

எலும்பின் அடர்த்தி குறைந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. நான் இன்றுவரை எந்த விரதமும் இருப்பதில்லை. சென்ற ஐப்பசியில் அம்மா சஷ்டி விரதம் இருந்தபோது, வீட்டில் எனக்காக மட்டும் அடுப்பு எரிந்தது. ரவை வறுத்து, கடுகும் கடலைப்பருப்பும் தாளித்து, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி உப்புமா கிளறினேன். அம்மா பூசையறையில் கவசம் படித்துக்கொண்டிருந்தார். யாரும் எதிரில் அமர்ந்து பார்க்கவில்லை. முழுவதையும் உண்டு தட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது, இடையில் ஒருமுறைகூட மணியைப் பார்க்காதது நினைவுக்கு வந்தது.