சோளக்கருதும் அத்தை போட்ட வடகமும்

போன வருசம் ஆனி முதல் வாரம் கோயம்புத்தூர் வீட்டு மொட்டை மாடில மக்காச்சோளம் போட்டேன். 6 பை, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரே வரிசை, போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு. 50 நாள்ல உச்சில குஞ்சம் விட்டுச்சு, நடுத்தண்டுல கருது வந்து பட்டுநூலாட்டம் முடி தொங்குச்சு, ஆனா ஒரு தேனீயக்கூட காணோம், பூன்னா தேனீ வரணுமேன்னு நானா முடிவு பண்ணி வெல்லத்தைக் கரைச்சு ஸ்ப்ரேயர்ல ஊத்தி அந்த முடி மேல அடிச்சுவிட்டேன். தேனீ வரல. எறும்பு வந்துச்சு, குடும்பத்தோட.

கருதை உரிச்சா 500 மணி இருக்க வேண்டிய இடத்துல 40 இருந்துச்சு, அங்கொண்ணு இங்கொண்ணா, பல்லு போன தாத்தா சிரிக்கிற மாதிரி. உடுமலைல சோளம் போடற பெரியப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். போன் பண்ணி முதல்ல சிரிச்சு முடிச்சாரு.

"ஏன்டா சாமி, இதுக்கெதுக்குடா தேனீ? மேல குஞ்சம் ஆம்பளப் பூ, கீழ முடி விட்டது பொம்பளப் பூ, காத்துல தூள் விழுந்தாப் போதும். ஒரு முடிக்கு ஒரு மணி, தூள் படாத முடிக்கு மணி இல்ல. ஆடிக் காத்துல ஒத்தை வரிசையா வெச்சா தூளெல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். கூட்டமா வெய்யி."

தைல மறுபடி போட்டேன், 16 பை, நாலுக்கு நாலு. இந்தத் தடவை குஞ்சத்தைக் கிட்டப் போய்ப் பாத்தேன்: இதழ் இல்ல, வாசம் இல்ல, தேனும் இல்ல, பூவுக்கு மூணு குட்டிப் பை மெல்லிசு நூல்ல தொங்குது, ஊதினா ஆடுது, நுனி ஓட்டை வழியா தூள் கொட்டுது. முடி மேல பொடிப்பொடியா ரோமம், தூளைப் புடிச்சுக்க. அது மேலதான் நான் வெல்லத்தண்ணி அடிச்சிருக்கேன்!

பனி காஞ்சதும் 9 மணி வாக்குல குலுக்கிவிடுன்னு பெரியப்பா ஆர்டர். குலுக்கினேன் பாருங்க, மஞ்சளா புகையாட்டம் கிளம்பி நேராப் போய் அத்தை வேட்டில காய வெச்சிருந்த அரிசி வடகம் மேல உக்காந்துச்சு.

"மாப்ள, இதுல மஞ்சத்தூள் யாருங்க போட்டது?"

"மகரந்தம்ங்க அத்தை."

"அதெல்லாம் நாங்க போடறதில்லீங்களே, சீரகமும் பச்சமொளகாயும் மட்டுந்தான்."

கருது நுனி வரைக்கும் மணி புடிச்சுது. அந்த வடகம் மட்டும் இப்ப தனி டப்பால இருக்கு, மூடி மேல என் பேர் எழுதி.