தொட்டியில கப்பி மீன் வளர்க்குறவங்க கவனத்துக்கு

சென்னை கொளத்தூர் கலர் மீன் கடைங்கள்ல நல்ல கப்பி ஜோடியா வாங்கிட்டு வந்து அதே கலர்ல குட்டி வரும்னு காத்திருக்கறவங்க முதல்ல பெண் மீனைத்தான் யோசிக்கணும், ஏன்னா ஒரு தடவை ஆண்கூட சேர்ந்துட்டாலே அந்த விந்தணுவை மாசக்கணக்குல உள்ளயே வச்சிருந்து அடுத்தடுத்து குட்டி போடும், நீங்க எவ்வளவு சூப்பரான ஆணை விட்டாலும் பழைய அப்பன் ஜாடை கலந்து வரலாம். அதனால குட்டிங்களை 3 வாரத்துலயே ஆண் தனி, பெண் தனின்னு பிரிச்சிடுங்க. வயித்துக்குக் கீழ இருக்குற துடுப்பைப் பாருங்க, முக்கோணமா விரிஞ்சிருந்தா பெண்ணு, கூரா நீள ஆரம்பிச்சா ஆண், லென்ஸ் வச்சுப் பாத்தா இன்னும் தெளிவா தெரியும். வாலை மட்டும் பாத்து செலக்ட் பண்ணாதீங்க ப்ளீஸ், முதுகு வளைஞ்சது எவ்வளவு கலரா இருந்தாலும் ப்ரீடிங்குக்கு வேண்டவே வேண்டாம். மிச்ச குட்டிங்களை ஏரி குளத்துல விட்டுடாம, வளர்க்க ஆசைப்படுற பக்கத்து வீட்டுப் பசங்களுக்குக் குடுங்க.