கானா கேள்விக்குக் கோகோ விலையிலிருந்து பதில் எழுதுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. எம்.ஏ. அரசியல் அறிவியலில் எல்லோரும் பயமுறுத்திய ஆப்பிரிக்க அரசியல் தாள்தான் என்னைக் கரையேற்றியது. நம்பியிருந்த அரசியல் கோட்பாடு காலை வாரிவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் இன்னொரு பதிவுக்கு. "கானாவை விட்டுடு, தென்னாப்பிரிக்கா போதும்" என்ற சீனியர்களுக்கு மட்டும் ஒரு கும்பிடு.

வந்த கேள்வி, விடுதலைக்குப் பின் கானாவில் ராணுவம் ஏன் திரும்பத் திரும்ப ஆட்சியைப் பிடித்தது என்பது. 1966, 1972, 1978, 1979, 1981 என்று வரிசையாக எழுதினால் அது பஸ் டைம்டேபிள். காரணம் கேட்டால் காரணம் எழுத வேண்டும். எனக்கு மனப்பாடம் ஏறாது, கதையாக இருந்தால் நிற்கும். அதனால் ஒவ்வொரு கவிழ்ப்புக்குப் பக்கத்திலும் அப்போது கானாவின் முக்கிய ஏற்றுமதியான கோகோ என்ன விலை, விவசாயி கையில் எவ்வளவு போனது என்று குறித்துக்கொண்டேன். மொத்தப் பதிலும் அதிலிருந்தே வந்தது.

விடுதலை கிடைத்த 1957-லிருந்து தொடங்காதீர்கள், 1954-க்குப் போங்கள். கோகோவை அரசு வாரியம் நிர்ணய விலைக்கு வாங்கி வெளிநாட்டுக்கு விற்கும், வித்தியாசம் அரசுக்கு. உலக விலை உச்சத்தில் இருந்த அந்த வருஷம், விடுதலைக்கு முன்பே பிரதமராக இருந்த நுக்ருமாவின் அரசு 60 ராத்தல் மூட்டைக்கு 72 ஷில்லிங் என்று கட்டிப்போட்டது. கோகோ விளையும் அசாந்திப் பகுதி கொதித்தது. நுக்ருமாவை எதிர்த்துத் தேசிய விடுதலை இயக்கம் என்ற கட்சி பிறந்தது. பிறகு பள்ளிகளுக்கும் தேமா துறைமுகத்துக்கும் கைகொடுத்தது இந்தப் பணம்தான். 1965-ல் உலக விலை சரிந்தது. 1966 ஜனவரியில் அகோசம்போ அணைத் திறப்பு விழா. பிப்ரவரி 24 அன்று, ஹனோய்க்குக் கிளம்பிய நுக்ருமா வெளிநாட்டில் இருக்கும்போதே ஆட்சி போனது. 1958 தடுப்புக் காவல் சட்டம், 1964 ஒரே கட்சி ஆட்சி, 1965-ல் சிறையில் எதிர்க்கட்சித் தலைவர் டான்குவா மரணம் எல்லாம் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் ஆட்சி கவிழ்ந்ததைத் தலைநகர் அக்ராவின் தெருவில் ஜனங்கள் கொண்டாடியதை அவை மட்டும் விளக்காது.

அந்த ராணுவ ஆட்சிக்குப் பின் தேர்தலில் வந்த பிரதமர் புசியாவுக்கு ஒரு பத்தி போதும். கோகோ விலை மறுபடி விழுந்தது, 1971 டிசம்பர் 27 கானா நாணயமான சேடியின் மதிப்பிறக்கம், 1972 ஜனவரி 13 ராணுவ அதிகாரி அச்சியம்பாங்கின் கவிழ்ப்பு. இந்த இரண்டு தேதிகளையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

அடுத்ததுதான் மார்க் வாங்கித் தந்த இடம். 1977-ல் உலக விலை எகிறியது. அப்படியானால் அச்சியம்பாங் நிலைத்திருக்க வேண்டுமே? மறு வருஷமே அகுஃபோ என்ற இன்னொரு ராணுவ அதிகாரி அவரை இறக்கினார். விலை ஏறியும் விவசாயிக்கு வரவில்லை. மூட்டைகள் ஐவரி கோஸ்டுக்கும் டோகோவுக்கும் கடத்தப்பட்டன. ஆக, சிக்கல் விலையில் மட்டும் இல்லை, உலக விலைக்கும் விவசாயி விலைக்கும் நடுவில் இருப்பதை யார் எடுக்கிறார்கள் என்பதில்.

குழப்பும் பெயர்கள்:
- அங்க்ரா: 1966-க்குப் பின் வந்த ராணுவத் தலைவர்
- அஃப்ரிஃபா: அவருக்கு அடுத்தவர்
- அஃப்ரிஃபா, அச்சியம்பாங், அகுஃபோ: மூவரும் 1979 ஜூனில், அந்த வருஷக் கவிழ்ப்பில் ஆட்சிக்கு வந்த விமானப்படை அதிகாரி ராலிங்ஸின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள்
- அகுஃபோ-அடோ: 2017 முதல் 2025 வரை அதிபர். முந்தைய அகுஃபோவோடு சேர்த்துவிடாதீர்கள். இவருடைய அப்பா புசியா காலத்து அலங்கார அதிபர்

ராலிங்ஸ் 1979-ல் தேர்தலில் வென்ற லிமனிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டு 1981 டிசம்பர் 31 அன்று பிடுங்கிக்கொண்டார். 1983-ல் வறட்சி, காட்டுத்தீ. போதாததற்கு நைஜீரியா துரத்திய லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். புரட்சி பேசியவர் கடனுக்காக ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) வாசலில் நின்றார். ஆனால் அந்தக் கடனோடு வந்த சீர்திருத்தத் திட்டத்தில்தான் கோகோ விவசாயிக்கான விலையும் உயர்த்தப்பட்டது. ராலிங்ஸை நாயகன், வில்லன் என்று ஒரு பக்கம் தள்ளும் பதில்கள் இதை விட்டுவிடுகின்றன.

பெரும்பாலோர் 1981-லேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். 1992 அரசியல் சாசனத்தின் கீழ் 2000, 2008, 2016, 2024 என நான்கு தேர்தல்களில் ஆளுங்கட்சி தோற்று, ஆட்சி அமைதியாகக் கைமாறியது. 2008-ல் வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றபோதும் ராணுவம் வெளியே வரவில்லை. 2024-ல் மக்கள் எதிர்க்கட்சி வேட்பாளர் மகாமாவுக்கு ஓட்டுப் போட்டார்கள். அடுத்த முறை கேள்வி இதிலிருந்து வரும் என்று நினைக்கிறேன்.