கானமயில் இல்லாத கட்டங்கள்

காட்டுயிர் உயிரியல் படித்துவிட்டு, அரசு ஆராய்ச்சி வேலை வேண்டும், அதுவும் களத்தில் வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் திட்டம் ஒன்றில் சேர்ந்து, ஜெய்சல்மேர் பக்கம் தார் பாலைவனத்தில் கானமயில் (Great Indian Bustard) என்னும் பெரிய புல்வெளிப் பறவைக்காக வேலை பார்த்தேன்.

நிரந்தர விஞ்ஞானி பதவிக்கு அறிவிப்பு வருவதே அபூர்வம். பெரும்பாலோர் உள்ளே நுழைவது திட்டப் பணியாளராகத்தான். ஒப்பந்த வேலை, நிதி இருக்கும்வரை ஓடும். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி இருந்தால் மாதத் தொகை கூடும் என்பதால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

நேர்காணலுக்குப் பறவையைப் பற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுப் போயிருந்தேன். கேட்டது இது: "நாள் முழுக்கச் சுற்றியும் ஒரு கானமயில்கூடக் கண்ணில் படவில்லை. அன்றைய தரவு என்ன?" இல்லை என்பதும் தரவுதான், ஆனால் உண்மையிலேயே இல்லையா, இருந்தும் நம் கண்ணில் படவில்லையா என்பதைப் பிரித்தாக வேண்டும் என்றேன். அந்தக் கேள்விதான் இந்த வேலையே என்பது களத்துக்குப் போனதும் தெரிந்தது.

மொத்தமே 150க்கும் குறைவாக எஞ்சியிருக்கும் பறவை. பாலைவன தேசியப் பூங்கா மட்டும் 3,162 சதுர கி.மீ.; அதற்கு வெளியேயும் தேட வேண்டும். அதனால் நிலத்தை 12க்கு 12 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மண்பாதையில் ஜீப்பை மெல்ல உருட்டிக்கொண்டு போவோம். 2 கி.மீ.க்கு ஒருமுறை இறங்கிப் படிவம் நிரப்ப வேண்டும்: செவண் புல் எவ்வளவு உயரம், எருக்கும் கேஜ்ரியும் (நம் ஊர் வன்னி மரம்தான்) எவ்வளவு, பக்கத்தில் கிணறு, வேலி, மின்கம்பி இருக்கிறதா. மேல் வரியில் கானமயில் என்ற இடத்தில் பூஜ்யம். அடுத்த நிறுத்தத்திலும் பூஜ்யம். வெயிலில் பேனா பிடித்த விரல் வழுக்கும், ஆனால் ஒரு கட்டத்தைக்கூட விடக் கூடாது.

மின்கம்பிக்கு அடியில் நடப்பது மனதைப் பிசையும் வேலை. ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும், கண்கள் தலையின் பக்கவாட்டில். நேர் எதிரே இருக்கும் கம்பி தாமதமாகத்தான் தெரியும். தெரிந்தபின் அந்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. மோதி விழுந்ததை நரியும் நாயும் இழுத்துப் போய்விடும். ஒரு கொத்து இறகு மட்டும் கிடந்தால் அதை அளந்து, படமெடுத்து, இடத்தைக் குறிக்க வேண்டும். இப்படிக் காணாமல் போகும் உடல்களுக்கும் கணக்குச் சேர்த்துத்தான், தாரில் சுமார் 4,200 சதுர கி.மீ. பரப்பில் எல்லா இனமும் சேர்த்து ஆண்டுக்கு 84,000 பறவைகள் மின்கம்பியில் சாகின்றன என்ற மதிப்பீட்டை நிறுவனம் 2020இல் வெளியிட்டது. கானமயில் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். இந்தச் சாவுகளை ஈடுகட்ட அதனால் முடியாது.

அப்புறம், நிலம் நம்முடையது இல்லை. பாதி நாள் ஆடு மேய்ப்பவர்களோடும் ஓரண் என்னும் கோயில் மேய்ச்சல் காட்டைக் காப்பவர்களோடும் பேச்சுதான். போக்ரான் துப்பாக்கிச் சுடுதளத்துக்குள்ளும் கானமயில் உண்டு, அங்கே போக ராணுவ அனுமதி வேண்டும். புல்வெளியெல்லாம் அரசுக் கணக்கில் 'தரிசு' என்று கிடப்பதுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. தரிசு என்று எழுதிவிட்டால் சோலார் பூங்காவுக்குக் கொடுப்பது சுலபம்.

இந்தக் கட்டங்களில் செய்த கணக்கெடுப்புதான் வரைபடமாகி நீதிமன்றம் வரை போகிறது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கானமயில் பகுதிகளில் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் பதிக்கச் சொன்னபோது முன்னுரிமைப் பகுதி, கானமயில் இருக்க வாய்ப்புள்ள பகுதி என்று இரண்டாகப் பிரித்தது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. எல்லைக்கோடு எங்கே என்று வாதம் வரும்போது, தேடியும் கிடைக்காத இடத்தையும் யாருமே தேடாத இடத்தையும் பிரித்துக் காட்டுவது அந்தப் பூஜ்யங்கள்தான்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஆர் (R) என்னும் புள்ளியியல் நிரல்மொழியில், ஓர் இடத்தில் உயிரினம் இருக்கிறதா என்று கணிக்கும் மாதிரிகளை ஓட்டவும், கியூஜிஐஎஸ் (QGIS) என்னும் வரைபட மென்பொருளில் வரைபடம் போடவும் இப்போதே பழகுங்கள். இந்தி கொஞ்சமாவது பேச வர வேண்டும். மார்வாரி அங்கே போனால் தானாக ஒட்டிக்கொள்ளும்.