கரிபால்டி கேட்ட கேள்வி

வாரத்துக்கு 50 கிரெடிட் கூடுதலாகக் கிடைக்கும். அதற்காகச் செய்ய வேண்டியதெல்லாம் கையில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கண்ணையும் காதையும் திறந்து வைத்திருப்பதுதான். ‘பாபிலோன் 5’ என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் ஸாக் ஆலன் என்ற காவலர் ‘நைட்வாட்ச்’ அமைப்பில் சேர்வதற்குப் பின்னால் இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எப்படியும் ரோந்து போகத்தான் போகிறோம், அதற்கே இன்னொரு சம்பளமும் வருகிறதென்றால் வேண்டாம் என்பானேன் என்று நினைக்கிறார். முதல் முறை பார்த்தபோது அந்தக் காட்சியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்மையில் தொடரை மறுபடியும் முழுமையாகப் பார்த்து முடித்தபோதுதான், அந்த 50 கிரெடிட்டிலிருந்து தொடங்கும் இழை நான்காம் பருவம் வரைக்கும் அறுபடாமல் ஓடுவதைக் கவனித்தேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாபிலோன் 5 என்பது ஐந்து மைல் நீளமும், மனிதரும் வேற்றுக்கோளினருமாக இரண்டரை லட்சம் பேரும் கொண்ட ஒரு விண்வெளி நிலையம். அதன் தலைவர் கேப்டன் ஜான் ஷெரிடன். பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமை வகிப்பவர் மைக்கேல் கரிபால்டி. இந்தக் கரிபால்டி எவரையும் எளிதில் நம்பாதவர். முதல் பருவத்தின் இறுதியில் தன் சொந்த உதவியாளராலேயே முதுகில் சுடப்பட்டவர் என்பதால், அந்த நம்பிக்கையின்மைக்கு நியாயமும் உண்டு. பூமியில் ஆட்சியைப் பிடித்த அதிபர் கிளார்க்கின் அமைதி அமைச்சகம் உருவாக்கியதே நைட்வாட்ச். பெயருக்கு அமைதி அமைச்சகம். வேலையோ, யார் எங்கே அரசுக்கு எதிராகப் பேசுகிறார் என்று குறித்துக்கொடுப்பது. கடைக்காரர் ஒருவர் அலுப்பில் புலம்பியது அரச நிந்தனை என்று ஆகிவிடுகிற இடத்தில்தான், தான் வாங்குகிற கூடுதல் சம்பளம் எதற்கானது என்று ஸாக்குக்கு உறைக்கத் தொடங்குகிறது.

1996-இல் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்தின் ஒன்பதாவது பகுதியில் இது வெடிக்கிறது. கிளார்க் இராணுவச் சட்டத்தை அறிவித்து, செனட்டைக் கலைக்கிறார். நிலையத்தின் பாதுகாப்பை நைட்வாட்ச் ஏற்க வேண்டும் என்று உத்தரவு வருகிறது. அதில் சேர மறுக்கும் கரிபால்டி பொறுப்பிலிருந்து விலக்கப்படுகிறார். நேற்று வரை அவருடைய சொல்லுக்கு ஓடியவர்கள் இன்று அவரையும் ஷெரிடனையும் பார்த்து, உங்களுக்கு எங்கள்மேல் என்ன அதிகாரம் என்று கேட்கிறார்கள். இவர்களைத் தொடர் முழுக்கவும் வில்லன்களாகக் காட்டிவிடவில்லை என்பதை இந்த முறை நன்றாகவே கவனித்தேன். அவர்கள் பார்வையில் நின்று யோசித்தால், பூமியில் இருக்கிற சட்டப்படியான அரசு எழுத்தில் உத்தரவு தந்திருக்கிறது. அந்த அரசின் சீருடையை அணிந்த ஒரு கேப்டன் அதற்கு முட்டுக்கட்டை போடுகிறார். தலைவரைக் கேள்வி கேட்பவன் எப்போதும் நியாயத்தின் பக்கம் நிற்பவன் என்று கதைகள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. இங்கே கேள்வி கேட்கிறவர்களின் கையில்தான் கறுப்புப் பட்டை இருக்கிறது.

ஷெரிடன் அதற்குத் தரும் விடை, ஒரு வழக்கறிஞர் தரக்கூடிய விடை. பூமியில் இருக்கும் தளபதி ஒருவரிடமிருந்து வரும் செய்தி, வெளிப்பார்வைக்கு, உத்தரவுக்குக் கீழ்ப்படியுங்கள் என்றே சொல்கிறது. ஆனால் உத்தரவுகள் எந்த வழியாக வர வேண்டும் என்பதை அவர் அழுத்திச் சொல்கிற விதத்திலிருந்து ஷெரிடன் பொருளைப் பிடித்துக்கொள்கிறார். நைட்வாட்சுக்கு வந்த உத்தரவு அரசியல் அலுவலகத்திலிருந்து வந்தது; அது சிவில் அமைப்பு; இராணுவ நிலையம் ஒன்றுக்கு ஆணையிட அதற்கு உரிமை கிடையாது. ஆகவே உத்தரவே செல்லாது, அதை நிறைவேற்ற முனைந்தவர்களே சட்டத்தை மீறியவர்கள் ஆகிறார்கள். பாதுகாப்புப் பணியில் அமர்த்துவதற்காக நார்ன் என்ற வேற்றுக்கோள் இனத்தவரை ஷெரிடன் கொண்டுவந்து இறக்குகிறார் என்று ஸாக் கொடுக்கும் தகவலை நம்பி, நைட்வாட்ச்காரர்கள் ஆயுதங்களோடு கப்பல் வந்து நிற்கும் தளத்துக்குள் நுழைகிறார்கள், கதவுகள் மூடிக்கொள்கின்றன. அவர்களைப் பிடித்து வைத்தபின்தான் ஷெரிடன் இந்த வாதத்தை எடுத்துச் சொல்கிறார்.

அந்தக் காட்சிக்கு முந்தைய நிமிடங்களில் ஸாக்காக நடித்த ஜெஃப் கானவேயின் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு தரப்பும் அவரை நம்புகின்றன, இரண்டு தரப்பும் அவரைச் சந்தேகிக்கின்றன; அவருடைய முகமோ எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. பேச்சில் சாமர்த்தியம் இல்லாத, கொள்கை என்று எதையும் பிரகடனம் செய்யாத ஒரு சாதாரணக் காவலர், இவர்களா அவர்களா என்று முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தில் நிற்கிறார். கடைசியில் அவரை இந்தப் பக்கம் இழுத்தது சட்ட வாதம் அல்ல என்பது என் எண்ணம். அரசியல் அலுவலகத்துக்கு என்ன உரிமை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. கரிபால்டி என்ற மனிதரை அவருக்குத் தெரியும். அந்தப் பட்டையைக் கொடுத்தவர்களைத் தெரியாது.

ஷெரிடனின் வாதம் நீண்ட நாள் தாங்காது என்பது அவருக்கே தெரியும். அதே உத்தரவு சரியான வழியில் மறுபடியும் வந்தால் என்ன செய்வார்? அடுத்த பகுதியிலேயே அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறது. கிளார்க்கின் படைகள் செவ்வாயில் குடிமக்கள்மேல் குண்டு வீசியபின், ஷெரிடன் நிலையத்தைப் பூமியிலிருந்து பிரித்துச் சுதந்திரம் அறிவிக்கிறார். (1997-இல் ஹியூகோ விருது பெற்றது இந்தப் பகுதிதான், போர்க் காட்சிகளுக்காக இதைக் கொண்டாடுபவர்கள் உண்டு, எனக்கு அந்த அறிவிப்புக்கு முந்தைய தயக்கங்களே பிடித்தமானவை.) ஒரு வாரத்துக்கு முன்பு உத்தரவு வரும் வழியைக் காட்டித் தன் காவலர்களை மடக்கிய அதே மனிதர், அந்த வழியையே இப்போது தன் கையால் வெட்டிவிடுகிறார். அதில் அவர் செய்தது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த நொடிக்குப் பிறகு ஷெரிடனின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? மேலே எவரும் இல்லை, தேர்தலும் நடக்கவில்லை. மீதியிருப்பது மக்கள் அவர்மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான்.

நான்காம் பருவத்தில், இறந்துபோனதாகக் கருதப்பட்ட ஷெரிடன் ஸாஹாடூம் கோளிலிருந்து உயிரோடு திரும்பி வந்தபின், அந்த நம்பிக்கை வழிபாடாகவே மாறுகிறது. அப்போது இதைப் பற்றி வாய்திறந்து கேட்கிற ஒரே ஆள் கரிபால்டி. பதவியை விட்டு விலகுகிறார். ஷெரிடனை ஒரு தனிமனித வழிபாட்டின் மையமாக ஆக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொதுவில் பேசுகிறார். என் கருத்தில், தொடர் முழுவதிலும் ஷெரிடனை நோக்கி எழுப்பப்பட்ட மிக நேர்மையான கேள்வி அதுவே. நைட்வாட்ச்காரர்களின் கேள்விக்கு ஒரு காகிதம் பதிலாக இருந்தது. இதற்கு எந்தக் காகிதமும் கிடையாது.

தொடரோ இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்கவில்லை. செவ்வாயில் ஒரு மதுக்கூடத்தில் ஷெரிடனைக் கரிபால்டியே எதிரிகளிடம் பிடித்துக்கொடுக்கிறார். அதற்குப் பிறகே, பிறர் மனத்தைப் படிக்க வல்லவர்களின் அமைப்பான சை கோரைச் சேர்ந்த பெஸ்டர் அவருடைய மனத்தைக் கலைத்து மாற்றி வைத்திருந்தார் என்ற உண்மை வெளிப்படுகிறது. கதைத் திருப்பம் என்ற அளவில் அது பிரமாதம், மறுக்கவில்லை. புதிதாக எதையும் நட்டுவிடவில்லை, கரிபால்டியிடம் ஏற்கெனவே இருந்த சந்தேகத்தையும் அதிகாரத்தின்மேலான கசப்பையும் கூட்டிவிட்டதாகத்தான் பெஸ்டரே சொல்கிறார். அப்படியானால் அந்தக் கேள்வியின் வேர் கரிபால்டியுடையதே அல்லவா? துரோகத்தைப் பெஸ்டரின் கணக்கில் எழுதலாம், கேள்வியையும் சேர்த்து அதே கணக்கில் எழுதுவது எப்படி? மனம் தெளிந்தபின் கரிபால்டி ஷெரிடனை மீட்கப் போகிறார், மன்னிப்பும் கிடைக்கிறது, கேள்வி மட்டும் எவர் நினைவிலும் இல்லை.

இந்தத் துரோகத்துக்குச் சற்று முன்னால் வரும் ஒரு சின்னக் காட்சியை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தேன். கரிபால்டியின் இடத்துக்குப் பாதுகாப்புத் தலைவராக வந்திருப்பவர் ஸாக். பழைய தலைவரிடம் போய், அவருடைய அடையாள அட்டையையும், துப்பாக்கியையும், கையில் ஒட்டியிருக்கும் தொடர்புக் கருவியையும் திருப்பித் தரும்படி கேட்க வேண்டியிருக்கிறது. உத்தரவு ஷெரிடனுடையது, சொல்லச் சொல்ல ஸாக்கின் குரல் தணிகிறது. மூன்றாம் பருவத்தில் கறுப்புப் பட்டையோடு நின்ற அதே தர்மசங்கடம் இப்போது வேறு சீருடையில் நிற்கிறது. இந்த முறை உத்தரவு சரியான இடத்திலிருந்து வந்ததா என்று எவரும் கேட்பதில்லை, ஸாக்கும் கேட்பதில்லை.

ஐந்தாம் பருவத்தில் ஷெரிடன் விண்மீன் கூட்டணியின் அதிபராகிறார். அவருடைய உளவுத் துறைக்குத் தலைவராக நியமிக்கப்படுபவர் கரிபால்டி.